சீன மொழியில் சீனாவின் செய்தி: இனிக் காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் அழைப்பது யார்?

சிற்றலை நேயன் (கரூர்)

அனைவருக்கும் வணக்கம். எனக்குச் சீன மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனால் முப்பது ஆண்டுகளாகச் சீன மொழி நிலையங்களைச் சிற்றலை (ஷார்ட்வேவ்) வானொலியில் தேடிக் கேட்டு வருகிறேன். மொழி தெரியாமல் எதற்கு இந்த வேலை என்று வீட்டிலும் கேட்பார்கள். டி.எக்ஸ்., அதாவது தொலைதூர நிலையங்களைத் தேடிப் பிடிக்கும் பழக்கம், உள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இரவு 9 மணிக்கு மேல் மொட்டை மாடியில் ஏரியல் கம்பியைக் கட்டிவிட்டு 31 மீட்டர் சிற்றலைப் பட்டையில் முள்ளை நகர்த்துவேன். பல இடங்களில் ஒரே இசை கேட்கும். முரசு, ஜால்ரா, நாகசுரத்தைப் போல் உரத்த ஒரு குழல். முதல்முறை கேட்டபோது ஏதோ திருவிழா ஒலிபரப்பு என்று நினைத்துக் குறிப்பேட்டில் ‘சீன இசை நிகழ்ச்சி’ என்று எழுதி வைத்தேன். மறுநாளும் அதே இசை. அதற்கு மறுநாளும் அதே. காதைக் கூர்மையாக வைத்துக் கேட்டபோதுதான் அடியில் ஒரு பெண் குரல் இருப்பது தெரிந்தது. நிதானமாகச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். அந்த இசைக்கு உலகெங்கும் உள்ள டி.எக்ஸ். நேயர்கள் ‘ஃபயர்டிரேக்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தனக்கு ஆகாத ஒலிபரப்பின் மேல், அதே அலைவரிசையில், சீன அரசு ஏற்றிவிடும் இசை அது. ஏறத்தாழ ஒரு மணி நேரப் பதிவு. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும். பின்னாளில் இசைக்குப் பதிலாகத் தங்கள் உள்நாட்டு வானொலியையே மேலே போட்டு அமுக்கினார்கள்.

அடியில் கேட்ட அந்தக் குரல் பெரும்பாலும் அமெரிக்க அரசின் நிதியில் இயங்கிய ரேடியோ ஃப்ரீ ஏசியாவுடையது. 1996 செப்டம்பரில் சீனப் பொதுமொழியான மாண்டரினில்தான் அந்த நிலையம் தன் முதல் ஒலிபரப்பைச் செய்தது. பிறகு கண்டோனீஸ், திபெத்தியம், உய்கூர் என்று விரிந்தது.

2025 மார்ச்சில் அமெரிக்க அதிபர் பிறப்பித்த ஆணையால் எல்லாம் கலைந்துவிட்டது. 1942-இல் தொடங்கிய அமெரிக்க அரசு வானொலியான வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் 1,300-க்கும் மேற்பட்ட ஊழியர்களை விடுப்பில் அனுப்பினார்கள். ரேடியோ ஃப்ரீ ஏசியாவுக்கு வந்துகொண்டிருந்த நிதியை நிறுத்தினார்கள். நீதிமன்றம் தலையிட்டும் நிலைமை சீராகவில்லை. மே மாதம் பெரும்பாலான ஊழியர்கள் வேலை இழந்தார்கள்; அக்டோபர் 31-உடன் செய்திப்பணியே நின்றது. வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவை அதன் சொந்த அரசே அழுக்குத் துணியைப் போல் வீசிவிட்டது என்று பெய்ஜிங்கின் குளோபல் டைம்ஸ் மகிழ்ந்து எழுதியது.

சீன வானொலியின் தமிழ்ப் பிரிவுக்கும் நான் பழைய நேயன்தான். 1963-இல் தொடங்கிய பிரிவு அது. தமிழ்ப் பெயர் சூட்டிக்கொண்ட சீன அறிவிப்பாளர்கள் தெளிவான தமிழில் பேசுவார்கள். கடிதம் போட்டால் தவறாமல் பதில் வரும். நாட்காட்டியும் காகிதத்தில் வெட்டிய படங்களும் வரும். அந்த அன்பை நான் மறக்க மாட்டேன். ஆனால் 1989 ஜூன் 4 அன்று பெய்ஜிங்கில் போராட்டக்காரர்களைப் படை சுட்டுக் கொன்றதைப் பற்றி அந்த நிலையத்தில் நான் ஒருநாளும் கேட்டதில்லை.

என் கேள்வி இதுதான். ஒரு சீனர் தம் நாட்டைப் பற்றிய கலப்படமில்லாத செய்தியைத் தம் மொழியில் இனி எங்கே பெறுவார்? சீனம் படித்தவர்களும் பத்திரிகைத் துறையில் இருந்தவர்களும் இந்த மன்றத்தில் உண்டு. சொல்லுங்கள்.

ஐயவினா

ஐயா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் இவற்றைச் ‘சுதந்திரமான’ நிலையங்கள் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

ரேடியோ ஃப்ரீ ஏசியா என்ற பெயரில் 1951-இலேயே ஒரு நிலையம் இருந்தது. அதற்குப் பின்னால் சி.ஐ.ஏ. இருந்தது என்பது பின்னர் வெளிப்பட்ட வரலாறு. 1996-இல் தொடங்கியது வேறு நிறுவனம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது அமெரிக்க நாடாளுமன்றம் 1994-இல் இயற்றிய சட்டத்தின் வழியே வந்தது. ஆனாலும் ஆண்டுக்குச் சுமார் 6 கோடி டாலர் கொடுத்தது அமெரிக்க அரசுதானே? கொடுத்தவர் கையை மூடினார், நிலையம் நின்றது. அது யாருடைய உடைமை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? சீன அரசு தன் வானொலிக்குக் கொடுக்கும் பணமும் அமெரிக்க அரசு கொடுக்கும் பணமும் எனக்கு ஒன்றுபோலத்தான் தெரிகின்றன.

மெய்ப்பு நோக்குநர் (மதுரை)

28 ஆண்டுகள் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். பணம் யாருடையது என்ற கேள்வி நியாயமானது, அதைத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் ஒரு செய்தி மேசைக்கு வந்தால் நாங்கள் முதலில் கேட்பது வேறு: ‘யாரிடம் பேசினாய்?’

அந்தக் கேள்விக்கு ரேடியோ ஃப்ரீ ஏசியாவின் உய்கூர் பிரிவு சொன்ன பதிலைப் போல ஒன்றை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. உய்கூர் மக்கள் வாழும் சின்ஜியாங்குக்குள் போகும் வெளிநாட்டுச் செய்தியாளரை ஒரு கார் பின்தொடரும். யாரிடமாவது அவர் வாய் திறந்தால், பேசியவருக்கு ஆபத்து. எனவே வாஷிங்டனில் உட்கார்ந்திருந்த அந்தப் பிரிவினர் தொலைபேசியைக் கையில் எடுத்தார்கள். ஷொஹ்ரத் ஹொஷூர் என்ற செய்தியாளரின் முறை இது: ஏதோ ஒரு சிற்றூரில் கைகலப்பு, சாவு, ஆள் பிடிப்பு என்று துப்புக் கிடைத்தால், அந்த வட்டாரக் காவல் நிலையத்துக்கே அழைப்பார். எடுத்தவர் வைத்துவிடுவார். அடுத்த நிலையத்துக்கு அழைப்பார். பிறகு ஊர் அலுவலகம், மருத்துவமனை, கட்சிக் கிளை. பேசுவது உய்கூர் மொழியில், ஊர்க்காரரின் பேச்சில். எத்தனையோ பேர் வைத்துவிடுவார்கள், யாரோ ஒருவர் பேசிவிடுவார். தம் மேலதிகாரிதான் அழைக்கிறாரோ என்ற அச்சத்தில் பேசியவர் உண்டு. மனம் பொறுக்காமல் பேசியவரும் உண்டு என்றுதான் நான் நம்புகிறேன்.

இப்படித் திரட்டித்தான் 2017-இல் உய்கூர் மக்களை அடைத்து வைத்த முகாம்களைப் பற்றி முதலில் எழுதினார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் ஹோட்டான் வட்டாரத்தில் மக்களில் 40 விழுக்காட்டினரை முகாமுக்கு அனுப்ப இலக்கு வைத்திருக்கிறார்கள் என்று உள்ளூர் அலுவலர்களின் வாயாலேயே கேட்டுச் செய்தியாக்கினார்கள். 2018 ஆகஸ்டில் ஐ.நா. குழுவின் முன் சீனா அப்படி எதுவும் இல்லை என்றது. அக்டோபரில் அவை தொழிற்பயிற்சி மையங்கள் என்றது. 2022 ஆகஸ்டு 31 அன்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம், அங்கே நடந்தவை மானுடத்துக்கு எதிரான குற்றங்களாக இருக்கக்கூடும் என்று அறிக்கை வெளியிட்டது. அதாவது தொலைபேசியை வைத்துக்கொண்டு நாலு பேர் கண்டுபிடித்ததை உலகம் ஏட்டில் ஏற்ற ஐந்து ஆண்டுகள் ஆயின.

அதற்குக் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். ஹொஷூரின் மூன்று சகோதரர்களைச் சின்ஜியாங்கில் பிடித்து அடைத்தார்கள். அதே பிரிவில் பணியாற்றிய குல்செஹ்ரா ஹோஜாவின் உறவினர் இருபதுக்கும் மேற்பட்டோர் 2018 தொடக்கத்தில் பிடிபட்டார்கள். அவர் எழுத்தை நிறுத்தவில்லை.

ஐயவினா அவர்களே, இதை அமெரிக்கப் பணம் என்று நீங்கள் சொல்லலாம், அது உண்மை. ஆனால் அந்த அழைப்பை அழைத்தது பணம் மட்டும்தானா?

முல்லைக்கரை (யாழ்ப்பாணம்)

இரண்டு விடயங்கள் சொல்கிறேன்.

முதலாவது, அரசு பணம் கொடுத்த அந்நிய வானொலியின் பெறுமதி என்ன என்று எங்களைக் கேளுங்கள். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மின்கலம் கொண்டுவரத் தடை. மாலையில் என் தகப்பனார் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துவார். நான் பெடலைக் கையால் சுற்றுவேன். டைனமோவிலிருந்து இரண்டு வயர் வானொலிக்குப் போகும். சுற்றும் வேகம் குறைந்தால் குரல் தேய்ந்துவிடும். அயல் வீட்டார் ‘சுற்று, சுற்று’ என்று கத்துவார்கள். கேட்டது பி.பி.சி. தமிழோசை. அப்போது அதற்குப் பணம் பிரித்தானிய வெளிவிவகார அமைச்சிடமிருந்து போனது. அது எங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் ஊரில் விழுந்த குண்டைப் பற்றி எங்கள் மொழியில் சொல்ல இலண்டனில் ஒருவர் இருந்தார், அது போதுமாக இருந்தது. அவர்கள் பிழை விட்டபோது எங்களுக்குக் கோபமும் வந்தது. ஆனால் மறுநாள் மாலையும் சைக்கிளைக் கவிழ்த்தோம். 2017 ஏப்ரலில் தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு நின்ற அன்று தகப்பனார் இல்லை. நான் மட்டும் கேட்டேன். பி.பி.சி.யின் மாண்டரின் வானொலி அதற்கு முன்பே, 2011 மார்ச்சில் நின்றுவிட்டது. அந்த நாளில் சீனத்தில் யாரோ ஒருவர் என்னைப் போலவே உட்கார்ந்திருப்பார்.

இரண்டாவது, ஐயவினாவின் ஐயம் எங்கள் தீவிலும் இருந்தது. சிலாபத்துக்கு அருகே இரணவிலவில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவுக்கு மறு ஒலிபரப்பு நிலையம் அமைக்க வந்தபோது கடற்றொழிலாளர்களும் ஊர்மக்களும் எதிர்த்தார்கள். இந்தியாவுக்கும் அச்சம் இருந்தது. 1987 யூலையில் ராஜீவும் ஜெயவர்த்தனாவும் பரிமாறிய கடிதங்களில், வெளிநாட்டு ஒலிபரப்பு வசதிகளைப் படைத்துறை, உளவு நோக்கங்களுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு பிரிவே இருக்கிறது. எனவே பெரிய நாடுகளின் கோபுரங்களை ஐயத்தோடு பார்ப்பது பிழை என்று சொல்ல மாட்டேன். கோபுரத்தை ஐயப்படுங்கள். ஒலிவாங்கிக்கு முன்னால் இருப்பவர் என்ன சொன்னார் என்பதைத் தனியாக எடை போடுங்கள்.

கிள்ளான் தமிழினி (மலேசியா)

நான் கிள்ளானில் சீனப் பள்ளியில் படித்தவள். துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் வேலை. பாதி நாள் ஷென்ஜென் வாடிக்கையாளர்களோடு சீனத்தில்தான் பேச்சு. எனவே சிற்றலை ஐயா கேட்டதற்கு என் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

சீனாவிலிருந்து குடிபெயர்ந்த பலருக்கும், அவர்கள் மெல்பர்னில் இருந்தாலும் வான்கூவரில் இருந்தாலும், செய்தி வீசாட் என்ற சீனக் கைப்பேசிச் செயலியில்தான் வருகிறது. நாட்டை விட்டு வெளியேறிய பிறகும் தணிக்கை அவர்கள் சட்டைப் பையிலேயே இருக்கிறது. என் அலுவலகத் தோழி காலையில் ஒரு கட்டுரையின் இணைப்பை அனுப்புவாள். ‘சாப்பாட்டுக்குப் போவதற்குள் படித்துவிடு’ என்று சேர்த்து எழுதுவாள். மதியம் திறந்தால் வெள்ளைத் திரையில் சிவப்பாக ஓர் ஆச்சரியக்குறி, கீழே ஒரே வரி: ‘விதிமீறல் காரணமாக இந்த உள்ளடக்கத்தைப் பார்க்க இயலாது.’ எந்த விதி, யார் மீறினார் என்று எதுவும் இருக்காது. இப்போது நாங்கள் இருவரும் இணைப்பு வந்ததும் திரையைப் படம் பிடித்துக்கொள்ளப் பழகிவிட்டோம். டொராண்டோவின் சிட்டிசன் லேப் 2020-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று என்னை உறங்கவிடவில்லை. சீனாவுக்கு வெளியே உள்ளவர்கள் பகிரும் ஆவணங்களையும் படங்களையும் வீசாட் கண்காணிக்கிறது. அதைக் கொண்டு உள்நாட்டில் எதைத் தடுப்பது என்று கற்றுக்கொள்கிறது. நாங்கள் அனுப்புவதே அங்கே கத்தரிக்கோலைத் தீட்டுகிறது.

ஆனால் அந்த மக்கள் வாயை மூடிக்கொண்டு இருப்பவர்கள் என்று யாரும் நினைக்காதீர்கள். 2020 மார்ச் 10 அன்று ஒரு சீன இதழில் வூகான் மருத்துவர் ஐ ஃபென்னின் நேர்காணல் வந்தது. புதிய தொற்றைப் பற்றி டிசம்பர் இறுதியிலேயே எச்சரித்தவர், அதற்காக மருத்துவமனை நிர்வாகத்திடம் திட்டு வாங்கியவர். கட்டுரை சில மணி நேரத்தில் நீக்கப்பட்டது. உடனே மக்கள் அதை வேறு வடிவங்களில் எழுதத் தொடங்கினார்கள். கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்து வரை தலைகீழாக, மோர்ஸ் குறிகளில், உணர்ச்சிப் படங்களில், மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆமை ஓட்டில் செதுக்கிய எலும்பெழுத்திலும்கூட. நம்மில் ஒருவர் தடை செய்யப்பட்ட கட்டுரையை வட்டெழுத்தில் எழுதிப் பரப்புவதை எண்ணிப் பாருங்கள். அன்று இரவு எலும்பெழுத்துப் பதிப்பைத் திறந்து, எனக்குத் தெரிந்த நாலைந்து எழுத்துகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தேன். மனிதர், மலை, வாய். அழுதுவிட்டேன்.

ஐயவினா

முல்லைக்கரை எழுதிய சைக்கிள் காட்சி என்னை அசைத்தது. மறுக்கவில்லை. ஆனாலும் இரண்டு நிகழ்ச்சிகளை இங்கே வைக்காமல் போனால் இந்த உரையாடல் முழுமையாகாது.

ஒன்று, 2017 ஏப்ரல். தப்பியோடிய சீனப் பணக்காரர் குவோ வெங்குயியை வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் மாண்டரின் பிரிவு நேரலையில் பேட்டி கண்டது. பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஐந்து ஊழியர்களை விடுப்பில் அனுப்பினார்கள். பெய்ஜிங்கின் அழுத்தம் என்றார்கள் அவர்கள். பேட்டியின் நேரத்தைப் பற்றி முன்பே எடுத்த முடிவை மீறியதுதான் காரணம் என்றது நிர்வாகம். அந்தக் குவோ தம்மை நம்பிய புலம்பெயர் சீனர்களிடமே பணம் பறித்த வழக்கில் 2024 ஜூலையில் குற்றவாளி என்று தீர்ப்பானது. யாரை நம்புவது?

இரண்டு, 2020 மார்ச் இறுதி. வூகான் தகன நிலையங்களில் அஸ்திக் கலசங்கள் விநியோகிக்கப்பட்ட கணக்கை வைத்து, இறந்தவர்கள் நாற்பதாயிரத்துக்கும் மேல் இருக்கலாம் என்ற உள்ளூர்வாசிகளின் மதிப்பீட்டை ரேடியோ ஃப்ரீ ஏசியா வெளியிட்டது. உலகமே அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அதற்கு ‘யாரிடம் பேசினாய்’ என்று மேசையில் யார் கேட்டார்கள்?

மெய்ப்பு நோக்குநர் (மதுரை)

ஐயவினா எழுதியது: ‘மேசையில் யார் கேட்டார்கள்?’

சரியான அடி. கலசக் கணக்கை நான் மேசையில் இருந்தால் தலைப்பில் விட்டிருக்க மாட்டேன். அரசு சொன்ன எண்ணும் நம்பத்தக்கதாக இல்லை. ஏப்ரல் 17 அன்று அவர்களே அதை 3,869 என்று ஏற்றித் திருத்தினார்கள். ஆனால் ஒரு பொய்க்கணக்குக்கு மறுமொழி ஊகக்கணக்கு ஆகாது.

அதே வாரத்தில் கலசங்களைப் பற்றி வேறொருவரும் எழுதினார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெய்ஜிங்கில் இயங்கும் சைஷின் இதழ். ஹான்கோ தகன நிலையத்துக்குக் கலசங்களை இறக்கிய லாரி ஓட்டுநரிடம் பேசி, ஒரு வண்டியில் 2,500 என்று எழுதியது. உள்ளே அடுக்கியிருந்த கலசங்களின் படத்தைப் போட்டது. மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள் என்று அது சொல்லவில்லை. பார்த்ததை மட்டும் சொன்னது. சீனாவுக்குள்ளேயே அப்படிப்பட்ட செய்தியாளர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். 2013 சனவரியில் குவாங்சோவின் சதர்ன் வீக்லி இதழ், புத்தாண்டுத் தலையங்கத்தை அதிகாரிகள் மாற்றியதற்காகப் பணி செய்ய மறுத்து எதிர்த்தது. வாசகர்கள் பூங்கொத்தோடு அலுவலக வாசலுக்கு வந்தார்கள். அதன் பிறகு அந்த வெளி ஆண்டுக்கு ஆண்டு சுருங்கியது. வூகானிலிருந்து கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பிய சாங் சானுக்கு நான்கு ஆண்டு சிறை. 2024-இல் விடுதலையாகி மூன்று மாதத்தில் மீண்டும் பிடிபட்டார், மறுபடி நான்கு ஆண்டு. எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பின் 2025 பட்டியலில் 180 நாடுகளில் சீனாவுக்கு 178-ஆவது இடம்.

உள்ளே இருப்பவர் எழுத முடியாததை வெளியே இருப்பவர் எழுத வேண்டும். வெளியே இருப்பவர் தவறினால் திருத்த உள்ளே ஆள் வேண்டும். இரண்டு பக்கமும் அடைபடுவதுதான் என் கவலை.

இதழியல் மாணவி

எல்லாரையும் வணங்கி ஒரு கேள்வி. 2021-இல் செய்தியாளர் மேகா ராஜகோபாலனுக்கும் அவருடைய குழுவினருக்கும் புலிட்சர் விருது கிடைத்தபோது எங்கள் வகுப்பில் அதைப் பற்றிப் பேசினோம். அவருக்குச் சீனா விசா மறுத்துவிட்டது. அவர்கள் செயற்கைக்கோள் படங்களை வைத்தே முகாம்களை அடையாளம் கண்டார்கள். வருங்காலத்தில் தொலைபேசிக்குப் பதில் அந்த வழி போதாதா?

மெய்ப்பு நோக்குநர் (மதுரை)

அருமையான பணி அது, மகளே. ஆனால் அவர்களும் படத்தோடு நிற்கவில்லை. முகாமிலிருந்து வெளியேறிக் கசகஸ்தானில் இருந்தவர்களைத் தேடிப் போய்ப் பேசினார்கள். வானத்திலிருந்து மதில் தெரியும், காவல் கோபுரம் தெரியும். மதிலுக்குள் யாருடைய அண்ணன் இருக்கிறான் என்பது, தொலைபேசியை எடுத்த ஒருவர் சொன்னால்தான் தெரியும்.

கிள்ளான் தமிழினி (மலேசியா)

சிற்றலை ஐயாவின் முதல் கேள்விக்கு இன்னும் நேரடியாகப் பதில் வரவில்லை, எனவே நான் பார்க்கிறவற்றையும் கேட்கிறவற்றையும் சொல்கிறேன்.

ஹாங்காங் ஒரு காலத்தில் எங்கள் எல்லோருக்கும் சன்னல். ஆப்பிள் டெய்லி நாளிதழ் 2021 ஜூன் 24 அன்று கடைசி இதழை 10 லட்சம் படிகள் அச்சிட்டு மூடியது. நள்ளிரவிலேயே மக்கள் வரிசையில் நின்றார்கள். அதன் நிறுவனர் ஜிம்மி லாய் குற்றவாளி என்று 2025 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. 2021 டிசம்பரில் ஸ்டாண்ட் நியூஸ் என்ற இணையச் செய்தித் தளம் மூடப்பட்டது. ரேடியோ ஃப்ரீ ஏசியாவும் 2024 மார்ச்சில் தன் ஹாங்காங் அலுவலகத்தை மூடிக்கொண்டது. இனிஷியம் என்ற இணைய இதழ் சிங்கப்பூருக்குக் குடிபெயர்ந்து, சந்தா கட்டும் வாசகர்களை நம்பி நீண்ட கட்டுரைகளை வெளியிடுகிறது. நான் சந்தா கட்டுகிறேன். ஐயவினா கேட்ட பணக் கேள்விக்கு என்னால் ஆன பதில் அதுதான்.

பெர்க்லியில் சியாவ் சியாங் தொடங்கிய சைனா டிஜிட்டல் டைம்ஸ் 2003 முதல் இயங்குகிறது. நீக்கப்பட்ட கட்டுரைகளைத் திரட்டி வைக்கிறது. எந்தச் செய்தியை எப்படி வெளியிட வேண்டும் என்று தணிக்கைத் துறை ஊடகங்களுக்கு அனுப்பும் கட்டளைகள் கசிந்தால் அப்படியே போடுகிறது. மதியம் காணாமல் போகும் கட்டுரைகளை நான் மாலையில் அங்கேதான் தேடுவேன்.

பேச்சுக்கு, யுவான் லீ நடத்தும் ‘புமிங்பாய்’ வலையொலி. ‘புரியவில்லை’ என்று பொருள். 2022-இல் ஷாங்காய் முழுவதும் வீடுகளில் அடைபட்டிருந்த நாட்களையொட்டித் தொடங்கியது. பேட்டி கொடுப்பவர் குரலை மாற்றித்தான் சிலசமயம் வருவார். துறைமுகத்திலிருந்து வீட்டுக்கு ஒரு மணி நேரம் வண்டி ஓட்டுகிறேன். ஒரு பகுதி சரியாக முடியும். யூடியூபில் சீன அரசுத் தொலைக்காட்சியின் முன்னாள் புலனாய்வுச் செய்தியாளர் வாங் ஷியான் ஜப்பானிலிருந்து நாள்தோறும் பேசுகிறார். திறமைசாலி. ஆனால் 2024-இல் தைவானில் மாற்றுத்திறனாளி ஒருவரைக் கேலி செய்து அங்கே தடை வாங்கினார். தனி மனிதருக்குப் பின்னால் செய்தி மேசை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

2022 நவம்பர் 24 அன்று உரும்சியில் குடியிருப்பு ஒன்று தீப்பிடித்துப் பத்துப் பேர் இறந்தார்கள். கொரோனா ஊரடங்கு அடைப்புகளால்தான் தப்ப முடியவில்லை என்று மக்கள் வெள்ளைத் தாளை ஏந்தித் தெருவுக்கு வந்தார்கள். அந்த நாட்களில் நாங்கள் உறங்காமல் பார்த்தது ‘லீ ஆசிரியர் உன் ஆசிரியர் அல்லர்’ என்ற எக்ஸ் தளக் கணக்கு. இத்தாலியில் வாழும் ஓவியர் லீ யிங், ஒரே ஆளாக, உள்ளேயிருந்து வந்து குவியும் காணொளிகளைப் பார்த்து, எந்த ஊர், எந்த நேரம் என்று குறித்து வெளியிட்டார். 2024 பிப்ரவரியில் தம்மைப் பின்தொடர்பவர்களைக் காவல்துறை விசாரிக்கிறது, விலகிக்கொள்ளுங்கள் என்று அவரே எழுதினார். ஒரே நாளில் 16 லட்சம் 14 லட்சமானது. வாசகரை இழந்தாலும் அவர்களைக் காக்க நினைத்தவர் என்பதால் அவர்மேல் எனக்கு மதிப்பு கூடியது.

ஒரு எச்சரிக்கை. எங்கள் ஊர்ச் சந்தையில் இலவசமாகக் கையில் திணிக்கப்படும் எபக் டைம்ஸ் தாளைப் பார்த்துச் சீனாவைப் பற்றிய சுதந்திரச் செய்தி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சீனாவில் தடை செய்யப்பட்ட பாலுன் கோங் ஆன்மிக இயக்கத்தினரோடு தொடர்புடையது. அந்த மக்கள் 1999 முதல் பட்ட துன்பம் உண்மை. அதற்காக என் மனம் வருந்துகிறது. ஆனால் அந்தத் தாளில் கலந்திருக்கும் சதிக் கதைகளும் உண்மையாகிவிடாது. மறுபக்கமும் இதே எச்சரிக்கை: 2015-இல் ராய்ட்டர்ஸ் 14 நாடுகளில் 33 வானொலி நிலையங்களைக் கண்டுபிடித்தது. உள்ளூர் நிலையம்போல் பெயர் வைத்துக்கொண்டு உள்ளே சீன அரசு வானொலியின் நிகழ்ச்சிகளை ஒலிபரப்பிக்கொண்டிருந்தன. இதற்குச் சீனத்திலேயே ஒரு தொடர் இருக்கிறது: இரவல் படகில் கடல் தாண்டுவது.

இத்தனை சொன்னேனே, இவற்றில் எதுவும் சின்ஜியாங்கின் காஷ்கரில் ஒரு காவல் நிலையத்துக்கு உய்கூர் மொழியில் அழைப்பதில்லை. திபெத்துக்கும் அப்படித்தான். மாண்டரின் தெரிந்தவருக்கு வழிகள் மிஞ்சியிருக்கின்றன. சிறிய மொழிக்காரர்களுக்கு அந்த ஓர் அறைதான் இருந்தது.

ஐயவினா

தமிழினி, அந்தக் கடைசிப் பத்தியை மூன்று முறை படித்தேன். பணத்தைப் பற்றிய என் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. ஒரே ஒரு நாட்டின் கையில் அந்த அறையின் சாவி இருந்திருக்கக் கூடாது என்று இப்போது அதை வேறுவிதமாகச் சொல்வேன். நாலைந்து நாடுகளும் வாசகர்களும் சேர்ந்து பணம் போட்டிருந்தால் ஒரு கையெழுத்தில் அது மூடியிருக்காது.

சிற்றலை நேயன் (கரூர்)

எல்லாருக்கும் நன்றி. மெய்ப்பு நோக்குநர் தொலைபேசியைப் பற்றி எழுதியதைப் படித்ததும் பரணில் ஏறினேன். 2006-இல் நான் பதிவு செய்த ஒரு ஒலிநாடா இருக்கிறது. ஒலிபரப்பு எப்படிக் கேட்டது என்று ரேடியோ ஃப்ரீ ஏசியாவுக்கு அறிக்கை அனுப்பி, அதற்கு அவர்கள் தரும் வண்ண அட்டை வாங்குவதற்காக 14 நிமிடம் பதிந்தேன். அட்டை வந்தது, இன்னும் வைத்திருக்கிறேன். நாடாவில் என்ன பேசுகிறார்கள் என்று மட்டும் இருபது ஆண்டுகளாக எனக்குத் தெரியாது. தம்பி மகன் அதைக் கணினியில் ஏற்றிக் கொடுத்தான். தமிழினி அம்மா, தனிமடலில் அனுப்பியிருக்கிறேன். ஓய்வாக இருக்கும்போது கேட்டுச் சொல்ல முடியுமா? இரைச்சல் அதிகம், மன்னிக்க வேண்டும்.

கிள்ளான் தமிழினி (மலேசியா)

ஐயா, நேற்று இரவு காதொலிப்பானை மாட்டிக்கொண்டு ஆறு முறை கேட்டேன்.

முதல் இரண்டு நிமிடம் முரசு மட்டும்தான். பிறகு ஒரு பெண் குரல், ‘இது சுதந்திர ஆசிய வானொலி’ என்கிறார். அது செய்தி அறிக்கை இல்லை, நேயர் தொலைபேசி நிகழ்ச்சி. உள்ளேயிருந்து ஒருவர் அழைத்திருக்கிறார். வயதானவர், ஹெனான் பக்கத்துப் பேச்சு என்று நினைக்கிறேன். பொதுத் தொலைபேசியிலிருந்து பேசுவதாகச் சொல்கிறார். அவர் ஊரில் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். கோதுமை இன்னும் அறுக்கவில்லை, பச்சையாக நின்றது என்கிறார். அதை இரண்டு தடவை சொல்கிறார். அந்தப் பெண் அவசரப்படுத்தவே இல்லை. எத்தனை குடும்பம், பணம் கொடுத்தார்களா, கையெழுத்து வாங்கியது யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். பதில்களில் பாதி ஜால்ராவில் போய்விட்டது. பதினோராம் நிமிடத்துக்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை.

சிற்றலை நேயன் (கரூர்)

அம்மா, நன்றி. எந்த ஊர் என்று சொன்னாரா?

கிள்ளான் தமிழினி (மலேசியா)

சொன்னார் ஐயா. மாவட்டப் பெயரையும் சொன்னார், கிராமத்துப் பெயரையும் சொன்னார். அந்த இரண்டு இடத்திலும் முரசுதான் கேட்கிறது. இன்று இரவு வேறொரு மென்பொருளில் போட்டுப் பார்க்கிறேன்.